பீரோவுக்குப் பின்னால் நின்ற துப்பாக்கி

"ஏம்மா, சாவுறதுக்கு வேற ரோடு கெடைக்கலியா ஒனக்கு?"

கன்டெய்னர் லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். சசிரேகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் எதிர்த்திசையில் ஸ்கூட்டியை விரட்டி, இரண்டு ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே நுழைந்து, வல்லம் வடகால் ரோட்டில் திருப்பினாள். கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தலையில் வலைத்தொப்பி. காலில், அசெம்பிளி லைனுக்குள் மட்டும் போட வேண்டிய வெள்ளைச் செருப்பு. கேட்டில் செக்யூரிட்டி "மேடம், கேட் பாஸ்!" என்று பத்தடி தூரம் பின்னாலேயே ஓடி வந்தார். நாளைக்கு மெமோ நிச்சயம்.

மெமோ கிடக்கட்டும். நாளைக்குப் புருஷன் வீட்டில் இருப்பானா, ஜெயிலில் இருப்பானா என்பதே இப்போது தெரியவில்லை.

லைனுக்குள் போன் கூடாது. பத்தே முக்கால் டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்து பார்த்தபோது ஒன்பது மிஸ்டு கால். எல்லாம் முத்துச்செல்வி. மாடி போர்ஷனில் குடியிருக்கும் கோவில்பட்டிப் பெண். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவள். அவள் ஒன்பது தடவை கூப்பிடுகிறாள் என்றால் வீடு எரிந்திருக்க வேண்டும். சசிரேகா திரும்பக் கூப்பிட்டாள்.

"யக்கா! அண்ணாச்சி துப்பாக்கிய எடுத்துட்டுப் போறாவ!"

"எந்தத் துப்பாக்கிய?"

"ஒங்க வீட்ல எத்தன துப்பாக்கி இருக்கு? பீரோவுக்குப் பின்னால நிக்குமே, அதான். டேங்கர் லாரிக்காரன் இன்னைக்கும் ஏரியில கழிவ ஊத்துதானாம். யாரோ போன் பண்ணாவ. பைக்ல தோள்ல மாட்டிட்டுக் கெளம்பிட்டாவ. நான் குறுக்க போய் நின்னேன். 'சும்மா மிரட்டத்தான் தங்கச்சி, உள்ள ஒண்ணும் இல்ல'ன்னாவ. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அத்தை எங்க?"

"மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருக்காவ. ஆள் அனுப்பியிருக்கேன்."

சசிரேகா ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள்.

அந்தத் துப்பாக்கியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள அவள் எட்டு வருஷமாகப் போராடுகிறாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், வீடு பெருக்கும்போது துடைப்பம் எதிலோ இடித்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், பழைய வேட்டியில் சுற்றி, ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. மாமனார் புருஷோத்தமன், வயலுக்குக் காட்டுப்பன்றி வராமல் விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ஒற்றைக் குழல். வாய் வழியாக வெடிமருந்தையும் ரவையையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற பழைய மாடல். வயல் போய்விட்டது. அங்கே இப்போது கார் கதவு செய்கிறார்கள். மாமனாரும் போய்விட்டார். துப்பாக்கி மட்டும் போகவில்லை.

"ஸ்டேஷன்ல குடுத்துடலாம்யா," என்று அவள் சொன்னபோதெல்லாம் புருஷன் பாபு சிரித்தான். "எங்கப்பன் ஞாபகமா இன்னா கீது சொல்லு? நெலமா? மாடா? அது ஒண்ணுதான் கீது. காலித் துப்பாக்கிக்கு இன்னா இவ்ளோ பயம்?"

மாமியார் கனகம் சிரிக்கமாட்டாள். பேச்சை எடுத்தாலே முகம் கறுத்துவிடும். "ஸ்டேஷனுக்கு எடுத்துனு போனா இத்தினி வருசம் ஏன் குடுக்கலன்னு உள்ள தூக்கி வெப்பான். பொத்திக்கினு இரு."

அந்த வீட்டில் ஆறு வயசுப் பெண் குழந்தை ஓடி விளையாடுகிறது. சசிரேகா பூட்டுப் போட்ட டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். நீளம் பற்றவில்லை. அந்த ரூம் கதவுக்குப் பூட்டுப் போடச் சொன்னாள். "எங்க வூட்ல நாங்களே பூட்டிக்கினு இருக்கணுமா?" என்றான் பாபு. ஒருநாள் அவள் கத்திய கத்தலில் மாடி போர்ஷன் மொத்தமும் எழுந்துவிட்டது. ஆனாலும் துப்பாக்கி நின்ற இடத்திலேயே நின்றது.

ஏரிக்கரை வளைவில் கூட்டம் தெரிந்தது.

பச்சை டேங்கர் கரையோரம் நின்றது. பின்பக்கத்திலிருந்து யானைத் தும்பிக்கை கனத்தில் ஒரு குழாய், ஏரிக்குப் போகும் கால்வாய்க்குள் தொங்கியது. கறுப்பாக, நுரையாக, மூக்கைப் பிய்க்கும் நாற்றத்தோடு ஊற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் கேபின் படியில் நின்று இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். ஐம்பது வயசிருக்கும். எதிரே, பத்தடி தள்ளி, நடுரோட்டில் பாபு. தோளில் பதித்து நீட்டிய துப்பாக்கி. கண்ணில் மாதக் கணக்காக ஏறிய வெறி. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். ஒருத்தன்கூடத் தடுக்கவில்லை. அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"குழாய மூடுடா! நாலு மாடு செத்துப்போச்சுடா எங்க தெருவுல!"

"அண்ணாச்சி, மூடிடுதேன், மூடிடுதேன். கைய எறக்கவா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க. கைய எறக்காம எப்டி மூட?"

கூட்டத்தில் யாரோ ஒருத்தன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் பாபுவுக்குச் சூடேற்றியது. கட்டைவிரலால் துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்தான்.

சசிரேகா ஸ்கூட்டியை நிறுத்தவில்லை. அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினாள். "யோவ்! வேணாம்யா!"

டப்.

கொசு அடித்த மாதிரி ஒரு சத்தம். குதிரை விழுந்த இடத்தில் சிகரெட் புகை அளவுக்கு ஒரு புகை. அவ்வளவுதான்.

டிரைவர் கண்ணை இறுக மூடியிருந்தார். மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார். நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாடா இது," கூட்டத்திலிருந்து ஒரு குரல். "பொட்டு வெடி!"

கரை முழுக்கச் சிரிப்பு. டிரைவருக்கும் உயிர் திரும்பியது, கூடவே வாயும். "யோவ், தீவாளிக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குய்யா! இப்பவே சுட்டுத் தீத்துட்டா என்னத்துக்கு ஆவ?"

பாபுவின் காது மடல் சிவந்தது. சட்டைப் பையில் கையை விட்டு இன்னொரு பொட்டு வெடியை எடுத்துக் குதிரைக்கு அடியில் வைத்தான். மறுபடி குதிரையை இழுக்கப் போன நேரம், சசிரேகா குழலை இரண்டு கையாலும் பிடித்து வானத்தைப் பார்க்கத் தூக்கினாள்.

"உடு சசி."

"நீ உடு."

"உள்ள ஒண்ணும் இல்லடி. சத்தம் வரட்டும்னு பெட்டிக்கடையில பொட்டு வெடி வாங்கி வெச்சேன். டப்புனு ஒண்ணு உட்டா ஓடிடுவான்னு பாத்தேன்."

"ஓடினானா? ஒக்காந்துகினு ஒன்னப் பாத்து சிரிக்கிறான்யா!"

பாபு பிடியை விட்டான். ஆத்திரம் அவளுக்கு அப்போதுதான் முழுசாக ஏறியது.

"நாலு மாசம்யா! நாலு மாசமா அந்த டேங்கரோட நம்பர், தேதி, டைம் போட்டு இருபத்திமூணு போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தேன். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல மனு குடுத்தேன். வர்ற வியாழக்கெழம ஆள் வந்து பாக்கறேன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப இன்னா ஆவும் தெரியுமா? இவங்க எடுத்த வீடியோல கொழா தெரியாது, தண்ணி தெரியாது, செத்த மாடு தெரியாது. நீ மட்டும்தான் தெரிவ. விஷத்த ஊத்தினவன் அப்பாவி, நீ ரவுடி!"

"என் கண்ணு முன்னாடி ஊத்தறான். பாத்துக்கினு இருக்கணுமா?"

"அதுக்கு ஆளக் கொல்லுவியா?"

"காலித் துப்பாக்கியில எப்படிடி கொல்றது?"

"காலின்னு உனக்கு யார் சொன்னது? எட்டிப் பாத்தியா? ஒன் கண்ணுக்கு மூணடி கொழாய்க்குள்ள தெரியுமா?"

"எங்கப்பன் சொன்னாரு!" பாபு நெஞ்சில் தட்டினான். "எங்கப்பன் ஒருநாளும் கெட்டிச்ச துப்பாக்கிய வூட்டுக்குள்ள எடுத்தாந்தது இல்ல. ராத்திரி காவலுக்குப் போனா, விடியக்காலம் வயல்லியே ஆகாசத்தப் பாத்து சுட்டுக் காலி பண்ணிட்டுத்தான் வருவாரு. துப்பாக்கி ஒரு ரூம்ல, மருந்து டப்பா வேற ரூம்ல. மருந்து டப்பா சாவி அவரு அரைஞாண் கயித்துல. குளிக்கும்போதுகூடக் கழட்டமாட்டாரு. அப்படியாப்பட்ட மனுஷன் வெச்சிட்டுப் போன துப்பாக்கி இது. எனக்குத் தெரியாதா?"

இதற்குப் பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் புல்லட் பைக் சத்தம் கேட்டது. ஸ்டேஷன் ஏட்டு ராஜாமணி. டேங்கர் முதலாளி போன் பண்ணியிருக்கவேண்டும். மனு கொடுத்தால் நாலு மாசம் ஆகிறது, முதலாளி கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வண்டி வருகிறது.

ராஜாமணி வண்டியை ஸ்டாண்டு போட்டார். கூட்டத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், நீலக் கோட்டோடு துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்தார்.

"இன்னாம்மா, கம்பெனியில இதெல்லாமா தயார் பண்றீங்க?"

"சார், இத எடுத்துக்கோங்க. மொதல்ல இத என் கையிலேர்ந்து வாங்குங்க."

"லைசென்ஸ் யார் பேர்ல?"

"எங்கப்பா பேர்ல சார்," என்றான் பாபு.

"அப்பா எங்க?"

"செத்துப் பதினஞ்சு வருசம் ஆவுது."

"அப்ப லைசென்ஸும் அன்னிக்கே செத்துடுச்சுப்பா. வாரிசுங்க அப்பவே ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருக்கணும். பதினஞ்சு வருசமா பொணத்த வூட்டுக்குள்ள வெச்சினு இருக்கீங்க."

டிரைவர் பெருமாள்சாமி இதற்குள் தைரியம் முற்றி முன்னால் வந்துவிட்டார். "சார், என்னய சுட வந்தான் சார். சுட்டுட்டான் சார். பொட்டு வெடின்னாலும் சுட்டது சுட்டதுதான. எழுதிக்கோங்க."

"எழுதுங்க சார்," என்றாள் சசிரேகா. "துப்பாக்கியையும் எழுதுங்க. அந்தக் குழாயையும் அதே பேப்பர்ல எழுதுங்க. ஒண்ண உட்டுட்டு ஒண்ண எழுதினா நான் இங்கேயே ஒக்காந்துக்குவேன். போட்டோ என்கிட்ட கீது."

ராஜாமணி டேங்கர் பக்கம் திரும்பினார். "டேங்கர் சாவியக் குடுய்யா," என்றார் டிரைவரிடம்.

"சார்?"

"சாவி. குழாய மூடிட்டு வந்து குடு."

பெருமாள்சாமி முனகிக்கொண்டே போனார். ராஜாமணி துப்பாக்கியை வாங்கி, முதல் வேலையாகப் பொட்டு வெடியைத் தட்டி எறிந்தார். பிறகு குழலுக்கு அடியில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவினார்.

அப்போதுதான் கரை மேட்டில் இருந்து அந்தக் கூச்சல் கேட்டது.

"தொடாதே! அய்யோ, அத ஆட்டாதீங்க! எல்லாரும் தள்ளிப் போங்க!"

கனகம். முத்துச்செல்வி யாரிடமோ கடன் வாங்கி ஓட்டி வந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவள், வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து விழுந்து, எழுந்து ஓடிவந்தாள். முழங்கையில் ரத்தம்.

"நீ யாரும்மா?"

"எங்கம்மா சார்," என்றான் பாபு. "யம்மா, இன்னாத்துக்குக் கத்தற? காலிதான் அது."

ராஜாமணி குழலின் வாய்க்குள் கம்பியை மெல்ல இறக்கினார். முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் இறக்கினார். கம்பி உள்ளே போனது, போனது, நின்றது. வெளியே ஒரு சாண் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியை வெளியே எடுத்து, குழலின் மேலேயே வைத்து அளந்தார். மறுபடி இறக்கினார். மறுபடி அதே ஒரு சாண்.

அவர் முகத்தில் இருந்த கிண்டல் எல்லாம் இறங்கிவிட்டது.

"கம்பி அடிவரைக்கும் போவணும்," என்றார் மெதுவாக. "ஒரு சாண் போவல. உள்ள மருந்து, ரவை, மேல துணி, எல்லாம் கெட்டிச்ச மாதிரியே கீது." பாபுவைப் பார்த்தார். "நீ பொட்டு வெடி வெச்சு அடிச்சியே, அத்த உள்ள இவ்ளோ மருந்த வெச்சினுதான் அடிச்சிருக்க. மருந்து ஈரம் பட்டு ஊறிப்போயிருந்ததால அந்தாளு இப்ப குழாய மூடிட்டு வர்றான். இல்லன்னா மூட ஆள் இல்ல."

பெருமாள்சாமி கையில் சாவியோடு அப்படியே நின்றுவிட்டார். கால்வாய் ஓரமாகப் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். முத்துச்செல்வி ஓடிப் போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

சசிரேகாவுக்கு வேறொன்று கண்ணில் வந்து நின்றது. போன வருஷ ஆயுத பூஜை. பாபு துப்பாக்கியைப் பூஜை ரூமில் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்பேனருக்கும் பைக்குக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். குழந்தை சுகப்பிரியா குங்குமத்தை விரலில் தொட்டு, துப்பாக்கியின் வாயிலேயே, வட்டமாக, அழகாக ஒரு பொட்டு வைத்தது. கனகம் பாய்ந்து வந்து குழந்தையை அறைந்தாள். ஐந்து விரலும் கன்னத்தில் பதிந்தது. அன்றைக்கு மாமியாரோடு அவள் போட்ட சண்டை மூன்று நாள் ஓடியது.

"உனக்குத் தெரியும்," என்றாள் சசிரேகா. "அத்தே. உனக்குத் தெரியும். அதான் கொழந்தைய அடிச்ச. அதான் வந்ததும் 'ஆட்டாதே'ன்னு கத்தின."

கனகம் மருமகளைப் பார்க்காமல் துப்பாக்கியையே பார்த்தாள்.

"பதினஞ்சு வருசம்! எம் பொண்ணு அந்த பீரோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு வெளாடும். நான் பெருக்கும்போதெல்லாம் தொடப்பத்தால இடிச்சிருக்கேன். நீ ஒரு வார்த்த சொல்லல. சமையல்கட்டுல கேஸ் மூட மறந்தா ஊரக் கூட்டுவியே! இதுக்கு வாயத் தொறக்கலியே!"

"குதிரைக்கு அடியில வெச்சு மருந்தப் பத்த வெக்கிற கேப்ப அன்னிக்கே புடுங்கி நம்ம கெணத்துல போட்டுட்டேம்மா," என்றாள் கனகம். "அது இல்லாம வெடிக்காதுன்னு நெனச்சேன். இவன் பொட்டு வெடி வெப்பான்னு நான் கண்டனா?"

"நெனச்சியா? நெனப்ப நம்பித்தான் நாங்க எல்லாம் தூங்கினோமா?"

ராஜாமணி குழலை ஏரிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "இந்த மாடல்ல இதான் தொல்ல. தோட்டா மாதிரி உருவிட முடியாது. கெட்டிச்சா வெடிச்சுத்தான் காலி பண்ணணும். தெரிஞ்ச ஆள் வந்துதான் எடுக்கணும். இது இனிமே உங்க வூட்டுக்கு வராது, நான் சொல்லிட்டேன். பாபு, நீயும் வண்டியில ஏறு. பேசறத ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

வராது. எட்டு வருஷமாக அவள் கேட்ட வார்த்தை அதுதான். சந்தோஷம் வரவில்லை.

"சார், ஒரு நிமிசம்," என்றான் பாபு. அவன் ராஜாமணியைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "யம்மா. அப்பா கெட்டிச்சத உள்ள எடுத்தாரமாட்டாரே. ஒருநாள்கூட எடுத்தாந்தது இல்லியே. அப்ப இது எப்படி?"

"உடுறா."

"யார் கெட்டிச்சது?"

"உங்கப்பாதான்."

"மறந்துட்டாரா? கடைசியா பன்னி வெரட்டப் போன அன்னிக்கா?"

"மறக்கற ஆளாடா அவரு?" கனகம் முந்தானையால் முழங்கை ரத்தத்தைத் துடைத்தாள். "அந்த வருசம் நாம பயிரே வெக்கல. பன்னி எங்கேர்ந்து வரும்?"

"அப்ப கம்பெனிக்கு நெலம் அளந்து கல்லு நட வந்தாங்களே, சர்வே ஆளுங்க. அவங்களுக்கா?" பாபுவின் குரலில் ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது. "அவங்கள மிரட்டவா கெட்டிச்சாரு? சித்தப்பா கையெழுத்துப் போட்டு நெலத்தக் கவுத்துட்டாரேன்னு, சித்தப்பாவையா?"

அம்மா தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"சொல்லு அத்தே," என்றாள் சசிரேகா. "இத்தினி வருசம் எங்க தலமாட்டுல நிறுத்தி வெச்சிருந்தியே, யாருக்காக? ஸ்டேஷனுக்குக் குடுக்காம, யார்கிட்டயும் சொல்லாம, எதுக்குப் பொத்தி வெச்ச? சொல்லிட்டுப் போ."

கனகம் மகனைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. பதினைந்து வருஷத்துக் கோபம்தான் இருந்தது.

"அன்னிக்கு சாயங்காலம் கெட்டிச்சு மடியில வெச்சினு வாசப்படியில ஒக்காந்துட்டாரு. காலப் புடிச்சேன். பேசல. நீ சிநேகிதங்களோட தாம்பரத்துக்கு சினிமாவுக்குப் போய்ட்ட, விடிஞ்சுதான் வந்த. அதுக்குள்ள அவரு நெஞ்சு வலி வந்து போய்ச் சேந்துட்டாரு. உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான்டா நான் வாய மூடினு இருந்தேன். நெலத்தக் கம்பெனிக்குக் குடுக்கற சம்மதப் பத்திரத்துல மொதக் கையெழுத்து உன் சித்தப்பன் போடல, நீதான் போட்டேன்னு அன்னிக்குத்தான் அவருக்குத் தெரிஞ்சது. அது உனக்காகக் கெட்டிச்சதுடா."